டொமைன் பேர் காலியா இல்லையான்னு பார்க்கிற செக்கர்: ஒவ்வொரு படியா கட்டுறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு கடைவீட்டு மாடியிலதான் என் வேலை. கீழ பிரிண்டிங் கடை, மேல நான், ரெண்டு கம்ப்யூட்டர், சனிக்கிழமை ஆனா வெப்சைட் பழக வர்ற நாலஞ்சு பசங்க. எல்லாருமே எப்படியும் ஒரு தடவை டொமைன் செக்கர், அதாவது ஒரு வெப்சைட் முகவரிப் பேரு இன்னும் காலியா இருக்கான்னு பார்க்கிற பக்கம், கட்டிப் பார்ப்பாங்க, ஏன்னா பார்க்க சின்ன வேலையா தெரியும், ஒரு பாக்ஸ், ஒரு பட்டன், காலின்னா பச்சை, எடுத்தாச்சுன்னா சிவப்பு, அவ்ளோதானேன்னு.

நானும் அப்படி நினைச்சவன்தான். நான் முதல்ல கட்டுன செக்கர் ஒரு கேட்டரிங் அக்காவுக்கு பச்சை காட்டுச்சு, அவங்க அன்னிக்கே கீழ இறங்கி பேனரும் கார்டும் அடிக்கக் கொடுத்துட்டாங்க, மறுநாள் காசு கட்டப் போனா பேரு எவனோ எப்பவோ வாங்கி வெச்சிருக்கான். கார்டு காசு நான்தான் கட்டினேன். தப்பு என்னோடது, எங்க தப்புன்னு 5வது பகுதியில சொல்றேன்.

கோடு காப்பி பண்ணி ஒட்டுற மாதிரி இங்க எதுவும் இருக்காது. எந்த வரிசையில செய்யணும், ஏன் அப்படின்னுதான் சொல்லப் போறேன். நான் பிஎச்பி-ங்கிற புரோகிராமிங் மொழியில சொல்றேன், ஏன்னா இங்க பாதிப் பேரு வெச்சிருக்கிறது ஷேர்டு ஹோஸ்டிங்தான், அதாவது பல சைட் ஒரே சர்வரைப் பகிர்ந்துக்கிறது, அதுல பிஎச்பி சுலபமா ஓடும். நோட் ஜேஎஸ், பைத்தான் ஆளுங்களுக்கும் படி அதேதான்.

1. கோடு தொடுறதுக்கு முன்னாடி

பிஎச்பி-ல கர்ல் எக்ஸ்டென்ஷனும் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனும் ஆன்ல இருக்கணும். கர்ல் வெளி சர்வர்கிட்ட கேட்டு பதில் வாங்க, இன்ட்ல் தமிழ்ப் பேருக்கு. இது ஆஃப்ல இருந்தா பாதி வேலை முடிஞ்சப்புறம்தான் தெரியும், அதனால இப்பவே ஹோஸ்டிங் பேனல்ல போய்ப் பாத்துடுங்க.

அடுத்தது, சர்வர்லேர்ந்து வெளிய 43ங்கிற போர்ட் திறந்திருக்கான்னு ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேளுங்க. ஹூயிஸ், அதாவது ஒரு பேரு பதிஞ்சிருக்கா, யாரு பதிஞ்சதுன்னு சொல்ற பழைய முறை, அந்த போர்ட்லதான் பேசும். ஷேர்டு ஹோஸ்டிங்ல நிறைய இடத்துல மூடித்தான் வெச்சிருப்பாங்க. மூடியிருந்தா 7வது பகுதி உங்களுக்கு ஓடாது, எந்த வால் எல்லாம் விக்கலாம்ங்கிறதையே அது மாத்திடும். வால்னு நான் சொல்றது கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்றதை, காம், ஆர்க், மை அந்த மாதிரி.

மூணாவது, எந்தெந்த வால் பார்க்கப் போறோம்னு ஒரு தாள்ல எழுதுங்க. உலகத்துல உள்ள எல்லாத்தையும் பார்க்கிறேன்னு இறங்காதீங்க லா. எங்க ஊர்ல கடை வெச்சிருக்கிறவங்க கேக்கிறது டாட் காம், டாட் மை, டாட் காம் டாட் மை, கோயில் சங்கம்னா டாட் ஆர்க். நாலு வாலை ஒழுங்கா பாத்தா போதும்.

2. பதில் மூணு, ரெண்டு கிடையாது

கோடு எழுதுறதுக்கு முன்னாடி இதை மண்டையில ஏத்திக்கோங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் உண்மை பொய்னு ரெண்டு பதில்தான் வெச்சு எழுதுவாங்க, எடுத்தாச்சு இல்லாட்டி காலி. நடுவுல ஒண்ணு இருக்கு, தெரியல. நெட் போயிருக்கும், அந்தப் பக்க சர்வர் படுத்திருக்கும், ரொம்ப கேட்டுட்டேன்னு நம்மளைத் தடுத்திருப்பாங்க. இதுக்கெல்லாம் ரெண்டு பெட்டிதான் இருந்தா ஏதோ ஒரு பெட்டியில விழணும், பெரும்பாலும் 'காலி' பெட்டியிலதான் விழும். ஏன்னா எல்லாரும் எழுதுறது ஒரே மாதிரி: விவரம் வந்துச்சுன்னா எடுத்தாச்சு, இல்லாட்டி காலி.

எடுத்தாச்சுன்னு தப்பா சொன்னா ஒரு கஸ்டமர் வேற பேரு தேடுவாரு. காலின்னு தப்பா சொன்னா ஒருத்தரு பேனர் அடிப்பாரு. ரெண்டு தப்பும் ஒரே விலை இல்ல. அதனால காலின்னு சொல்றதுக்கு மட்டும் நேரடியான ஆதாரம் வேணும், சந்தேகம் எதுவா இருந்தாலும் தெரியலைக்குள்ள போடுங்க.

3. வர்ற பேரை முதல்ல கழுவுங்க

ஆளுங்க டொமைன் பேரை மட்டும் டைப் பண்ண மாட்டாங்க. போன்ல அடிக்கிறப்ப முதல் எழுத்து பெருசாகும், பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டும், சிலரு எச்டிடிபிஎஸ்லேர்ந்து ஆரம்பிச்சு முழு லிங்கையும் ஒட்டுவாங்க, ஒரு அண்ணன் தன்னோட இமெயிலையே போட்டாரு. அதனால வரிசை இப்படி: முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் எடு, எச்டிடிபி பாகத்தை வெட்டு, முதல் சாய்கோட்டுக்கு அப்புறம் உள்ளதை வெட்டு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருந்தா எடு, எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கு. அட் குறி இருந்தா நீங்களா எதையும் வெட்டாம 'இது இமெயில் மாதிரி இருக்கு'ன்னு திருப்பிச் சொல்லிடுங்க.

அப்புறம் விதி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல உள்ள ஒவ்வொரு துண்டும் 1லேர்ந்து 63 எழுத்துக்குள்ள இருக்கணும், இங்கிலீஷ் எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்தான், ஹைஃபன் முதல்லயும் கடைசியிலயும் வரக்கூடாது, முழுப்பேரு 253ஐத் தாண்டக்கூடாது. அண்டர்ஸ்கோர் போடுறவங்க நிறைய, அதைப் பிடிங்க. தப்பான பேரை வெளிய அனுப்பினா ஒரு சர்வர் ஒரு மாதிரி பதில் சொல்லும், இன்னொண்ணு வேற மாதிரி, அதைப் பிரிச்சுப் படிக்கிறதை விட வாசல்லயே நிறுத்துறது சுலபம்.

வாலைப் பிரிக்கிறப்ப ஒரு பள்ளம் இருக்கு. கடைசிப் புள்ளியில வெட்டுனா டாட் காம் டாட் மை-ல என்ன ஆகும்? வால் மை, பேரு காம்னு நினைச்சுக்கும். யாரு என்ன பேரு போட்டாலும் ஒரே பதில் வரும். நாலு வால்தான் விக்கிறீங்கன்னா நீளமான வாலை முதல்ல ஒப்பிட்டுப் பாருங்க, போதும். நிறைய வால்னா பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, மோசில்லாவுல தொடங்குனது, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். எந்தெந்த வால் ரெண்டு துண்டுன்னு அதுல இருக்கு.

4. தமிழ்ல பேரு போட்டா

போடுவாங்க, குறிப்பா கோயில்காரங்களும் தமிழ்ப்பள்ளி வாத்தியாருங்களும். டாட் காம்ல தமிழ்ப் பேரு பதியலாம். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை மூணுக்கும் வாலே தமிழ்ல இருக்கு, மலேசியாவுக்கு சொந்த எழுத்துல இருக்கிற வால் ஜாவியில.

டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது டொமைன் பேரை வெச்சு சர்வரைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற அமைப்புக்கு, தமிழ் தெரியாது. எக்ஸ்என்-ல ஆரம்பிச்சு ரெண்டு ஹைஃபன் வர்ற புனிகோடா மாத்தித்தான் அனுப்பணும், இன்ட்ல்ல இருக்கிற ஐடிஎன் டூ ஆஸ்கி ஃபங்க்ஷன் அதைப் பண்ணும். 63 எழுத்துக் கணக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான். தமிழ்ல பார்க்க சின்னப் பேரா இருக்கும், மாத்துனா நீண்டுக்கிட்டுப் போகும், அதனால மேல சொன்ன எழுத்துச் சோதனை, நீளச் சோதனை ரெண்டையும் மாத்தினப்புறம் வைங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, இதை நான் கண்டுபிடிக்க அரை நாள் போச்சு. 'தோட்டம்'ங்கிற சொல்லை எடுத்துக்கோங்க. அந்த 'தோ'வை ரெண்டு விதமா டைப் பண்ண முடியும். த-க்கு அப்புறம் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு எழுத்தா வரலாம், இல்லாட்டி இரட்டைக்கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு எழுத்தா வரலாம். கண்ணுக்கு ஒரே 'தோ'தான், உள்ள பைட் வேற. மாத்துற ஃபங்க்ஷன் இதைத் தானா சரி பண்ணிடும்தான், ஆனா கேஷ்ல, அதாவது வந்த பதிலைக் கொஞ்ச நேரம் சேத்து வைக்கிற இடத்துல, என் கோடு மாத்துறதுக்கு முன்னாடி இருந்த பேரை சாவியா வெச்சிருந்துச்சு, அதனால ஒரே பேருக்கு காலையில ஒரு பதில் சாயந்திரம் ஒரு பதில். அதனால வந்த உடனே என்எஃப்சி-ன்னு சொல்ற நார்மலைசேஷனுக்குள்ள போட்டு எடுத்துடுங்க, கேஷ் சாவியா புனிகோடைத்தான் வைங்க. வாட்ஸ்அப்லேர்ந்து காப்பி பண்ணா கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்தும் ஒட்டிக்கிட்டு வரும், அதையும் இங்கயே தூக்கிடுங்க.

5. டிஎன்எஸ்: எடுத்தாச்சுன்னு சொல்ல மட்டும்

என் கார்டு காசு போனது இங்கதான்.

டிஎன்எஸ்ல கேட்டா பதில் சட்டுன்னு வரும், இலவசம், லிமிட் பயம் ரொம்ப இல்ல. நேம்சர்வர் (அந்தப் பேரோட டிஎன்எஸ் விவரத்தை வெச்சிருக்கிற சர்வர்) இருக்குன்னு பதில் வந்தா அந்தப் பேரு கண்டிப்பா எடுத்தாச்சு, மேல எங்கயும் போக வேணாம். ஆனா இல்லைன்னு வந்தா அது காலிங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. பேரை வாங்கிட்டு நேம்சர்வரே போடாம வெச்சிருக்கலாம், இல்லாட்டி ஹோல்டுல, அதாவது நிறுத்தி வெச்ச நிலையில, இருக்கலாம். ஹோல்டுல இருக்கிற பேரு டிஎன்எஸ்ல தெரியவே தெரியாது, ஆனா அதுக்கு ஓனர் உண்டு. அக்கா கேட்ட பேரு அந்த ரகம்தான்.

இதுல இன்னொரு கூத்து. பிஎச்பி-ல செக்டிஎன்எஸ்ஆர்ஆர்னு ஒரு ஃபங்க்ஷன் இருக்கு, பசங்க பேரை மட்டும் குடுத்துக் கூப்பிடுவாங்க. எந்த ரெக்கார்டுன்னு நீங்க சொல்லாட்டி அது தேடுறது எம்எக்ஸ், அதாவது மெயில் ரெக்கார்டு. வெப்சைட் ஜம்முன்னு ஓடிக்கிட்டு இருக்கும், மெயில் மட்டும் வெச்சிருக்க மாட்டாங்க, உங்க செக்கர் காலின்னு சொல்லும். ரெண்டாவது இடத்துல என்எஸ்-ன்னு, அதாவது நேம்சர்வர்னு, போடுங்க. ஏ ரெக்கார்டும் (சைட் இருக்கிற ஐபி முகவரி) வேணாம், பேரை வாங்கி சைட் போடாதவங்க எத்தனையோ பேரு.

ஆக டிஎன்எஸ் ஒரு சல்லடை. 'எடுத்தாச்சு'ங்கிறதை இங்கயே பிரிச்சு எடுத்துட்டா அடுத்த படிக்குப் போறது குறையும், அதுக்குத்தான் இதை முதல்ல வைக்கிறோம்.

6. ஆர்டிஏபி: ஆதாரம் வாங்குற இடம்

பழைய ஹூயிஸுக்குப் பதிலா வந்ததுதான் ஆர்டிஏபி. சாதாரண எச்டிடிபிஎஸ்ல கேக்கலாம், பதில் ஜேசன்ல, அதாவது கோடு சுலபமா படிக்கிற எழுத்து வடிவத்துல வரும். டாட் காம் மாதிரி பொது வாலுங்களுக்கு ஹூயிஸ் வெச்சிருக்கணும்னு, உலக அளவுல டொமைன் விதிகளைப் பாத்துக்கிற ஐகேன் போட்ட கட்டாயம் 2025 ஜனவரி 28ஓட முடிஞ்சுது, அதனால ஹூயிஸ்லேர்ந்து ஆரம்பிக்கிற பழைய டுட்டோரியலை மூடி வைங்க.

முதல் வேலை, எந்த வாலுக்கு எந்த சர்வர்னு கண்டுபிடிக்கணும். வால் பட்டியலைப் பராமரிக்கிற ஐஏஎன்ஏ ஒரு ஜேசன் ஃபைல் வெச்சிருக்கு, பூட்ஸ்ட்ராப் ஃபைல்னு பேரு. உள்ள சர்வீசஸ்னு ஒரு பட்டியல், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பட்டியல், ஒண்ணுல வாலுங்க, ஒண்ணுல சர்வர் முகவரி. இதை ஒரு நாளைக்கு ஒரு தடவை கிரான் (நேரம் வெச்சு தானா ஓடுற வேலை) போட்டு இறக்கி வெச்சுக்கோங்க. ஒவ்வொரு தேடலுக்கும் ஐஏஎன்ஏ கதவைத் தட்டுற கோடு பார்த்திருக்கேன், வேலையும் மெதுவாகும், மரியாதையும் இல்ல. புது ஃபைல் சரியா இறங்கலைன்னா பழசை அழிக்காதீங்க, பிரிச்சுப் படிக்க முடியுதான்னு பாத்துட்டு மாத்துங்க.

ரெண்டாவது, முகவரி கட்டுறது. ஃபைல்ல உள்ள முகவரி, அதோட டொமைன்ங்கிற சொல், ஒரு சாய்கோடு, அப்புறம் நம்ம பேரு. நடுவுல அந்த டொமைன்ங்கிற சொல்லை விட்டுட்டா? அங்கதான் வேடிக்கை. சர்வர் 404 குடுக்கும், அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு அர்த்தம். ஆனா பேரு பதியலைன்னாலும் அதே 404தான் வரும். ஆக உங்க கோடு எல்லாப் பேரையும் காலின்னு சொல்லும், எர்ரரே வராது, பார்க்க அழகா ஓடும். ஒரு தம்பி ரெண்டு வாரம் இப்படியே வெச்சிருந்தான், பெரிய பெரிய கம்பெனி பேரெல்லாம் பச்சையா வருதுன்னு அவன் மச்சான் சொல்லித்தான் தெரிஞ்சுது.

அதனால ஒரு காவல் போடுங்க. எக்சாம்பிள் டாட் காம்ங்கிற பேரு யாரும் வாங்க முடியாத மாதிரி ஒதுக்கி வெச்சது, எப்பவும் பதிஞ்சுதான் இருக்கும். மணிக்கு ஒரு தடவை அதைக் கேட்டுப் பாருங்க. அது 404 வந்துச்சுன்னா டாட் காமுக்கு பச்சை காட்டுறதையே நிறுத்திட்டு எல்லாத்தையும் தெரியலைன்னு மாத்துங்க. மத்த வாலுக்கும் நல்லா தெரிஞ்ச ஒவ்வொரு பேரு வெச்சுக்கோங்க. நாலு வரி கோடு, எனக்கு இதுவரைக்கும் ரெண்டு தடவை கைகொடுத்திருக்கு.

மூணாவது, பதிலைப் படிக்கிறது. 200 வந்து உள்ள பேரும் நம்ம பேரும் ஒண்ணா இருந்தா எடுத்தாச்சு. 404 வந்தா பதியல. 429 வந்தா ரொம்ப கேட்டுட்டோம்னு அர்த்தம், எவ்வளவு நேரம் கழிச்சு வரணும்னு ஹெட்டர்ல சொல்லியிருந்தா அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. 500க்கு மேல எது வந்தாலும் தெரியல. கர்ல் கனெக்ட் ஆகவே இல்லைன்னா கோடு 0ன்னு வரும், அதுவும் தெரியலதான். 200 இல்லாட்டி காலின்னு ஒரே வரியில எழுதினீங்கன்னா இந்த 429, 500, 0 எல்லாமே பச்சையா மாறும், சாயந்திரம் மழை பேஞ்சு எங்க ஏரியாவுல லைன் போறப்ப உலகத்துல உள்ள எல்லாப் பேரும் காலி.

டைம்அவுட் 5 நொடி வைங்க, ரீடைரக்ட் வந்தா பின்னாடி போகச் சொல்லுங்க, அக்செப்ட் ஹெட்டர்ல ஆர்டிஏபி ஜேசன் வேணும்னு போடுங்க.

7. பூட்ஸ்ட்ராப்ல இல்லாத வால்

நாட்டு வாலுங்களுக்கு ஐகேன் சொல்ற ஆர்டிஏபி கட்டாயம் பொருந்தாது. டாட் மை வாலோட ரெஜிஸ்ட்ரி, அதாவது அந்த வாலை நடத்துற அமைப்பு, மைநிக். முதல்ல பூட்ஸ்ட்ராப் ஃபைல்ல வால் இருக்கான்னு பாருங்க, இருந்தா 6வது பகுதியோட முடிஞ்சுது. இல்லாத வாலுக்குத்தான் ஹூயிஸ். ஐஏஎன்ஏவோட ஹூயிஸ்ல அந்த வாலை மட்டும் கேட்டா எந்த சர்வர்கிட்ட போகணும்னு ஒரு வரி சொல்லும்.

ஹூயிஸ்ல பேசுறது சுலபம், 43ல கனெக்ட் பண்ணி பேரை அனுப்பி வரி முடிவு போட்டா பதில் எழுத்தா வரும். அனுப்புற வரி முடிவு ரெண்டு எழுத்து, கேரேஜ் ரிட்டர்னும் நியூலைனும். படிக்கிறதுதான் தலைவலி, ஒரு சர்வர் நோ மேட்ச்னும், ஒண்ணு நாட் ஃபவுண்ட்னும், ஒவ்வொண்ணும் ஒரு பாஷை. அதனால ஒவ்வொரு வாலுக்கும் அந்த சர்வரோட சரியான வாசகத்தை நீங்களே பாத்து எழுதி வைங்க, அந்த வாசகம் அப்படியே வந்தாதான் காலி, ஓனர் விவரம் வந்தா எடுத்தாச்சு, ரெண்டும் இல்லைன்னா தெரியல. லிமிட் தாண்டிட்டீங்கன்னு திட்டுற செய்தியும் எழுத்தாத்தான் வரும், அதை ஓனர் விவரம்னு எடுத்துக்காதீங்க.

8. கேஷும் வாசல் கேட்டும்

எடுத்தாச்சுங்கிற பதிலை ஒரு நாள் வெச்சுக்கலாம், எடுத்த பேரு அவ்வளவு சீக்கிரம் விடுபடாது. காலிங்கிற பதிலை ஒரு நிமிஷம், அதுக்கு மேல வேணாம். தெரியலையை கேஷ் பண்ணவே பண்ணாதீங்க. மூணுக்கும் ஒரே நேரம் வைக்கிறதுதான் பொதுவா நடக்கிற தப்பு.

உங்க ஃபார்முக்கும் ஒரு கேட் வேணும். ஒரு ஐபி-லேர்ந்து நிமிஷத்துக்கு 10 தேடல் போதும்னு நான் வெச்சிருக்கேன். இல்லாட்டி ஏதோ ஒரு பாட் (தானா ஓடுற புரோகிராம்) வந்து ராத்திரி பூரா கேக்கும், தடை விழுறது உங்க சர்வர் மேல.

ஆளுங்க தேடுற பேரை லாக்ல நிரந்தரமா வெச்சிருக்காதீங்க. இன்னும் வாங்காத பேரு அது, அவங்க தொழில் ரகசியம் மாதிரி. வெளிய போச்சுன்னு ஒரு சந்தேகம் வந்தாலே சின்ன ஊர்ல கடை நடத்த முடியாது.

9. திரையில காட்டுறது

ஒவ்வொரு எழுத்து அடிக்கிறப்பவும் தேடுற மாதிரி செய்யணும்னு பசங்களுக்கு ஆசை. 12 எழுத்துப் பேருக்கு 12 தேடல், லிமிட் அங்கயே காலி. பட்டன் வைங்க, இல்ல டைப் பண்றது நின்னு அரை நொடி கழிச்சு ஒரு தடவை கேளுங்க.

இன்னொண்ணு, முதல்ல கேட்ட பதில் கடைசியா வரலாம். 'அம்மன்'னு கேட்டது மெதுவா வந்து 'அம்மன்கேட்டரிங்'ங்கிற பேருக்குக் கீழ ஒக்காந்துக்கும். பதில் கூடவே எந்தப் பேருக்கான பதில்னு திருப்பி அனுப்புங்க, பாக்ஸ்ல இப்ப இருக்கிற பேரோட ஒத்துப்போகாட்டி தூக்கிப் போடுங்க. பேரைத் திரையில எழுதுறப்ப எஸ்கேப் பண்ணித்தான், அதாவது கோடா ஓடாம வெறும் எழுத்தா வர்ற மாதிரி மாத்தித்தான் எழுதணும், பாக்ஸ்ல ஸ்கிரிப்ட் போட்டுப் பார்க்கிற ஆளு எந்த ஊர்லயும் உண்டு.

வாசகம் இப்படி வெச்சிருக்கேன்: 'இந்தப் பேரு எடுத்தாச்சு', 'இன்னும் பதியல, காசு கட்டுனாதான் உறுதி', 'இப்ப சொல்ல முடியல, கொஞ்சம் கழிச்சுப் பாருங்க'. மூணாவதுக்கு சாம்பல் நிறம். சிவப்பு போட்டா எடுத்தாச்சுன்னு நினைச்சுக்கிறாங்க.

10. பச்சை வந்தும் வாங்க முடியாத பேரு

404 சொல்றது பதியலைங்கிறதை மட்டும்தான், உங்களுக்கு விப்பாங்கன்னு இல்ல. ரெஜிஸ்ட்ரி ஒதுக்கி வெச்ச பேரு இருக்கும், பிரீமியம்னு எக்கச்சக்க விலை வெச்ச பேரு இருக்கும், யாரு வாங்கலாம்னு விதி இருக்கிற வால் இருக்கும். கவ் டாட் மை எவ்வளவு காலியா இருந்தாலும் அரசாங்கத்துக்கு மட்டும்தான். சாதாரண விலைன்னு நினைச்சு வந்தவருக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) காட்டுனா திட்டு உங்களுக்குத்தான்.

இதுக்கு ரெஜிஸ்ட்ராரோட, அதாவது நமக்குப் பேரை விக்கிற கம்பெனியோட ஏபிஐ-தான் (நம்ம கோடு நேரா அவங்ககிட்ட கேக்கிற வழி) வேணும். அவங்க ரெஜிஸ்ட்ரிகிட்ட ஈபிபி-ங்கிற முறையில கேக்கிறாங்க, விலையும் அதுலதான் வரும். ஏபிஐ-க்கு அக்கவுண்ட் வேணும், சில இடத்துல உங்க சர்வர் ஐபி-யை முன்னாடியே பதியணும். எல்லாத் தேடலுக்கும் அதைக் கூப்பிட வேணாம், வாங்குற பட்டனை அமுக்குனப்புறம் ஒரு தடவை, காசு கட்டுற பக்கம் திறக்கிறதுக்கு முன்னாடி.

காலாவதி ஆன பேரு எப்ப விடுபடும்னு கேப்பாங்க. டாட் காமுக்கு புதுப்பிக்க 45 நாள் வரைக்கும், அப்புறம் மீட்க 30 நாள், அப்புறம் அழிக்க 5 நாள். இந்த நாள் முழுக்க ஆர்டிஏபி 200தான் சொல்லும், செக்கர் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. ஸ்டேட்டஸ்ல மீட்பு காலமா அழிப்பு காலமான்னு எழுதியிருக்கும், விருப்பம்னா அதைக் காட்டலாம்.

11. ஆன் பண்றதுக்கு முன்னாடி போட்டுப் பார்க்கிற பேருங்க

எக்சாம்பிள் டாட் காம், எடுத்தாச்சுன்னு வரணும். கீபோர்டை உருட்டி 30 எழுத்துக் குப்பை ஒண்ணு, பதியலைன்னு வரணும். ரெண்டு விதமா டைப் பண்ண 'தோட்டம்', ரெண்டுக்கும் ஒரே பதில் வரணும். 64 எழுத்துப் பேரு, ஹைஃபன்ல முடியுற பேரு, அண்டர்ஸ்கோர் பேரு, மூணும் வாசல்லயே நிக்கணும். காம் டாட் மை-ல ரெண்டு பேரு, ஒண்ணு இருக்கிறது ஒண்ணு இல்லாதது, பதில் வேற வேறயா வரணும்.

கடைசியா ஆர்டிஏபி முகவரியில வேணும்னே ஒரு எழுத்தைத் தப்பா மாத்தி, 6வது பகுதியில சொன்ன காவலை ஒரு தடவை ஓட்டிட்டு அந்தக் குப்பைப் பேரைத் தேடுங்க, அப்புறம் சர்வரோட நெட்டைப் புடுங்கி ஒரு தடவை. ரெண்டு தடவையும் சாம்பல் வரணும். பச்சை வந்துச்சுன்னா 2வது பகுதிக்குத் திரும்பிப் போங்க.